டீச்சரம்மா படித்த தடம்

பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கால்தடம் பார்க்கப் படிக்கிறாள் என்று மகள் வந்து சொன்ன மத்தியானம், மொக்கம்மாள் சோளக்களி கிண்டுவதை அப்படியே நிறுத்திவிட்டாள். களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்த பிறகும் துடுப்பு அவள் கையில் சும்மா இருந்தது.

“யாருடி படிக்கிறது?”

“டீச்சர். வாத்தியாரும்தான்.”

“யாருகிட்ட?”

“எங்ககிட்டத்தான்.” பூமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. “இது யாரு காலு, அது யாரு காலு, எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு கேக்குறாக ஆத்தா. சொன்னா, குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாக. வாத்தியாருக்குத்தான் மண்டையில ஏறவே மாட்டேங்குது.”

“எதுக்காம் இந்தப் படிப்பு?”

“எங்களைத் தெரிஞ்சுக்கிறதுக்காம்.”

மொக்கம்மாள் பயந்துபோனாள். பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள அவர்கள் முகத்தைப் பார்த்தால் போதாதா, காலை எதற்குப் பார்க்க வேண்டும்?

அவள் பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒத்தப்பனைப்பட்டியில் மீசை அரும்பிய ஆண்பிள்ளை எவனும் சர்க்காருக்குக் கைரேகை கொடுக்காமல் தப்பியதில்லை. ரேகைச் சட்டம் என்று அதற்குப் பெயர். பத்து விரலையும் மையில் உருட்டிக் காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஆண்கள் எல்லாரும் சாவடியில் ஆஜராக வேண்டும். விடிகிறவரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். அடுத்த ஊருக்கு எழவு கேட்கப் போவதென்றாலும் சீட்டு வாங்க வேண்டும். திருடினவன், திருடாதவன், திருட்டென்றால் என்னவென்றே தெரியாதவன் என்ற வித்தியாசமெல்லாம் சர்க்காருக்குக் கிடையாது. அந்தக் கண்றாவிச் சட்டத்தை எழுதிய மகராசன் ஒரே ஒரு ராத்திரி அந்தச் சாவடியில் மூட்டைப்பூச்சிக்கு இரையாகிப் படுத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பான்.

அதே சர்க்கார்தான் ஊருக்குப் பள்ளிக்கூடமும் வைத்தது. செல்வமணி வாத்தியாரும் அவர் மனைவி கிருபாவதியும் அங்கே வேலைக்கு வந்தார்கள். போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பெண் கிருபாவதி. வாத்தியார் பிரம்போடு பேசுவார். டீச்சரம்மா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுவாள். ஊரார் வாத்தியாரைக் கண்டால் சிரித்தார்கள். டீச்சரம்மாவைக் கண்டுதான் பயந்தார்கள். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

“வெரலை வாங்கிட்டுப் போனாக. இப்பக் காலுக்கு வந்திருக்காக,” என்றாள் மொக்கம்மாள், தீய்ந்த களியைச் சுரண்டிக்கொண்டே.

அது போதாதென்று அடுத்த வாரம் இன்னொரு சேதி வந்தது. பள்ளிக்கூடத்து முற்றம் முழுக்க ஆற்று மணல் பரப்ப வேண்டும் என்று டீச்சரம்மா ஊராரைக் கேட்டாள். சிலேட்டு இல்லாத பிள்ளைகள் விரலால் எழுதிப் பழகுவதற்காம். ஊரே காது கொடுத்துக் கேட்டது; ஒருவரும் கூடையைத் தொடவில்லை. எழுதுவதற்கா மணல்? காலை வைத்தால் ரேகை மாதிரி அச்சடித்துக் காட்டுவதற்கு மணலைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? குழந்தைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள்.

கிருபாவதிக்கும் ஊரின் முகம் புரிந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் மொக்கம்மாளின் வீட்டுக்கே வந்துவிட்டாள். மொக்கம்மாள் பாயை விரித்துப் போட்டு, மோரும் கொடுத்து, பேச்சை மட்டும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க பொண்ணு பாடம் நடத்துறப்ப எப்பவும் தரையையே பார்த்துட்டு இருப்பா,” என்றாள் கிருபாவதி. “கவனமில்லன்னு வாத்தியார் அடிச்சுக்கூட இருக்கார். ஒருநாள் கேட்டேன், அங்க என்னத்தம்மா பாக்குறேன்னு. ‘ஒரு பையன் காலையில வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான் டீச்சர், கணக்குப் போடலபோல’ன்னு சொன்னா. விசாரிச்சா அது நெசம்.”

“அவ ஒரு கிறுக்கி,” என்றாள் மொக்கம்மாள்.

“இல்லம்மா. ரெண்டு எழுத்துக்கு வித்தியாசம் தெரியலன்னு நான் மக்குன்னு நெனச்ச பிள்ளைங்களுக்கு ஊர்ல உள்ள அத்தனை காலுக்கும் வித்தியாசம் தெரியுது. அவங்க எதைப் பார்க்குறாங்க, எப்படி மனசுல வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, எழுத்தையும் அப்படியே காட்டலாம். அதுக்குத்தான் நானும் வாத்தியாரும் கத்துக்கிறோம்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் மொக்கம்மாளை உறுத்தியது.

“ஏட்டையா வந்து, இது யாரு காலுன்னு கேட்டா?”

“சொல்ல மாட்டேன்.”

“சம்பளம் குடுக்குறது சர்க்காரு. கேட்டாச் சொல்லாம இருந்துருவீகளா?”

கிருபாவதி பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தாள். “மாட்டேன்,” என்று பிறகு மறுபடியும் சொன்னாள். இடையில் யோசித்தாளே, அதுதான் மொக்கம்மாளின் மனசில் நின்றது. மிச்சமெல்லாம் காற்றோடு போயிற்று.

மறுநாள் மிளகாய்த் தோட்டத்தில் களையெடுக்கும்போது பெண்கள் ஒன்று கூடிவிட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பக் கூடாது என்றாள் இருளம்மாள்.

“அனுப்பலைன்னா ஏட்டு வீட்டுக்கு வந்து நிப்பான்,” என்றாள் மொக்கம்மாள்.

“அப்பச் சொல்லிக் குடுக்காதீகன்னு பிள்ளைகளைக் கண்டிச்சு வைப்போம்.”

“சொல்லிக் குடுக்கலைன்னா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வரும். நல்லாச் சொல்லிக் குடுக்கட்டும். ஆனா மாத்திச் சொல்லிக் குடுக்கட்டும்.”

பெண்கள் களைக்கொட்டைக் கீழே வைத்தார்கள்.

“என் காலைக் காட்டி அய்யம்மா காலுங்கட்டும். அய்யம்மா காலைக் காட்டி இருளம்மா காலுங்கட்டும். எங்க வீட்டுக்காரரு காலு கர்ணன் காலாகட்டும், கர்ணன் காலு எங்க வீட்டுக்காரரு காலாகட்டும். எங்க போயி யாருகிட்டச் சொன்னாலும் வெளங்காது பாரு.”

கர்ணனின் மனைவி அய்யம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மொக்கம்மாளுக்கும் தலைகால் புரியவில்லை. சர்க்காரின் கண்ணிலேயே மண்ணைத் தூவ ஒரு வழி கண்டுபிடித்தவளுக்கு அந்தக் கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

முரண்டு பிடித்தது பூமாரிதான்.

“டீச்சர் பாவம் ஆத்தா. அம்புட்டு ஆசையாக் கேக்குறாக.”

“ஒங்கய்யாவைப் பிடிச்சு உள்ள போட்டா அவரு பாவமில்லையா? நம்ம வீட்டுக் காலு ஒண்ணுகூட அந்தம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னு வையி, தோலை உரிச்சுருவேன்.”

பூமாரி சரி என்று தலையாட்டினாள்.

இரண்டு மூன்று மாதம் போனது. ஒத்தப்பனைப்பட்டிப் பிள்ளைகள் ஒரு மனதாக, வாய் கூசாமல், தங்கள் வாத்தியாருக்கும் டீச்சருக்கும் பொய்ப் பாடம் நடத்தினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பிள்ளைகளின் படிப்பு தேறியது. பூமாரி எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுத்தின் எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் வளைவு, எது திரும்பிப் பார்க்கிறது என்றெல்லாம் டீச்சர் கால்தடத்தைச் சொல்வதுபோலவே சொல்கிறாளாம். வாத்தியாரும் பிரம்பை எங்கேயோ போட்டுவிட்டார். யாருடைய கால் என்பதில்தான் பொய்யே ஒழிய, எப்படிப் பார்ப்பது என்பதில் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அதைப் பொய்யாகச் சொல்ல அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு தடவை மொக்கம்மாளே ஆழம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். காலையில் பள்ளிக்கூடத்து வேலியோரமாக ஒரு நடை நடந்துவிட்டு, பிற்பகலில் மகளை அழைக்கிற சாக்கில் திரும்பவும் போனாள். கிருபாவதி அவள் கையைப் பிடித்து வேலியோரம் கூட்டிப் போய்ப் புழுதியைக் காட்டினாள்.

“பாருங்க, அய்யம்மா காலையில இந்தப் பக்கமாப் போயிருக்காங்க. சுண்டுவிரல் ஒட்டியிருக்கு, குதிகால்ல வெடிப்பு. சரியா?”

“அய்யம்மாளேதான்,” என்றாள் மொக்கம்மாள், தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு.

கிருபாவதியின் முகம் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் முகமாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மொக்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். படலைத் திறக்கும்போதுதான் ஏனோ அந்த முகம் நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுபோனது. ஒரு மாதிரி இருந்தது. அதைக் கோழிகளைத் திட்டித் தீர்த்துக்கொண்டாள்.

தை பிறந்து சில நாள் கழித்து விடிகாலையில் அந்தச் சேதி வந்தது. உத்தமபாளையம் ரோட்டோரத்தில் ஒரு சம்சாரியின் தொழுவத்திலிருந்து முந்தின நாள் பொழுது சாயும் வேளையில் ஒரு ஜோடி உழவு மாடு காணாமல் போயிருந்தது. அதே பொழுதில் மொக்கம்மாளின் புருசன் ஒச்சாண்டி சாவடிக்குத் தாமதமாக வந்திருந்தான். இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. விடிந்ததும் ஒச்சாண்டியைச் சாவடியிலிருந்தே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மொக்கம்மாள் தலைவிரி கோலமாக ஓடினாள். ஏட்டு பலவேசம் சைக்கிளில் எதிரே வந்தார்.

“ஒம் புருசன் என்ன சொல்றான் தெரியுமா? பொழுது சாயுற வரைக்கும் பள்ளிக்கூடத்துல மணல் பரப்பிக்கிட்டு இருந்தானாம். மாடு களவு போன நேரத்துல இவரு பள்ளிக்கூடத்துக்குத் தொண்டு செஞ்சாராம். கேக்குறவன் கேனையன்னா என்ன வேணாலும் சொல்லுவீகளா?”

மொக்கம்மாளுக்கும் அதை நம்ப முடியவில்லை. அந்த மணலைத் தொடக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள். அவள் வீட்டுக்காரனே அள்ளிக்கொண்டு வந்து போட்டானா? பொய் சொல்கிறான், எங்கே போனான், என்ன செய்தான்? ஏட்டைவிட ஒரு படி மேலாகத் தன் புருசனை அவளே சந்தேகப்பட்டாள்.

கூடவே ஓடி வந்திருந்த பூமாரி அவள் சேலையை இழுத்தாள். “நான்தான் ஆத்தா கேட்டேன். சிலேட்டு இல்லாத பிள்ளைக எழுதட்டும்னு. ஒனக்குத் தெரியாமக் கொண்டாந்து போடுறேன்னு அய்யா சொல்லுச்சு.”

பள்ளிக்கூடத்து வாசலில் ஏட்டு சைக்கிளை நிறுத்திப் பிள்ளைகளை வெளியிலேயே மறித்துவிட்டார். சேதி கேட்டு ஊரும் வந்து கூடிவிட்டது. மொக்கம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முற்றம் முழுக்கப் புது மணல். அதில் எங்கே பார்த்தாலும் ஒச்சாண்டியின் கால். ஆற்றுப் பக்கமிருந்து சுமையோடு அழுந்தி வந்த கால், கூடையைக் கொட்டிவிட்டு லேசாகத் திரும்பிப் போன கால், மணலை நிரவியபடி பின்னால் நகர்ந்த கால். வெளியே பார்த்துத் திரும்பிய அந்தப் பெருவிரலை அவளுக்குத் தெரியாதா? ஒரு பொழுது முழுக்க உழைத்த வேலை அது. இவன் மாடு பிடிக்கப் போயிருந்தால் இதைச் செய்ய ஆகாசத்திலிருந்து ஆள் வந்ததா? அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

முந்தின நாள் பள்ளிக்கூடம் லீவு. போடியில் கல்யாணத்துக்குப் போயிருந்த வாத்தியாரும் டீச்சரும் அப்போதுதான் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, மூட்டையும் கையுமாக நின்றார்கள். ஏட்டு விஷயத்தைச் சொன்னார்.

“எங்க தடம் பாக்குற ஆளு காய்ச்சல்ல படுத்துட்டான். டீச்சரம்மா தடம் பாக்கப் படிச்சிருக்காகன்னு கேள்விப்பட்டேன். இது யாரு காலுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை அப்படியே இன்ஸ்பெக்டர் அய்யாகிட்டச் சொல்லிடுறேன்.”

“கிருபா, நமக்கெதுக்கு?” என்றார் செல்வமணி தணிந்த குரலில்.

“நான் பிள்ளைங்களுக்காகப் படிச்சதுங்க,” என்றாள் கிருபாவதி. “போலீசுக்குச் சொல்றதுக்கில்ல.”

“அப்பச் சரி. சாட்சி இல்லன்னு எழுதிட்டுப் போறேன். ஒச்சாண்டி உள்ள இருக்கட்டும்.”

கிருபாவதி மூட்டையைக் கீழே வைத்தாள். “அவரை வெளிய விடுறதுக்குன்னா பாக்குறேன். ஒச்சாண்டி கால் எனக்கு நல்லாத் தெரியும். அவர் பொண்ணே சொல்லிக் குடுத்தது.”

அந்த வார்த்தை காதில் விழுந்தபோதுதான் மொக்கம்மாளுக்குத் தான் செய்து வைத்திருப்பது என்னவென்று உறைத்தது. கத்தினால் ஏட்டின் எதிரிலேயே குட்டு உடைந்துபோகும். கிருபாவதி செருப்பைக் கழற்றிவிட்டு மணலின் ஓரமாக நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். ஆசையாக, அவசரமாக, ஒரே ஒரு தடமாவது அகப்படாதா என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போகப் போக அவள் முகம் வாடியது.

“ஒச்சாண்டி தடம் ஒண்ணுகூட இல்லையே,” என்றாள் கடைசியில். அழுதுவிடுவாள் போலிருந்தது. “அவருக்குத் தட்டைப் பாதம். இது பெருவிரல் திரும்பின கால். எல்லாமே கர்ணன் கால்தான்.”

ஏட்டின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. “கர்ணனா? அவன் கூடலூருக்கு அறுப்புக்குப் போறேன்னு சீட்டு வாங்கிட்டுப் போனவனாச்சே. நேத்து இங்க எப்படி வந்தான்? ஆக, இவன் மாட்டுத் திருடன், அவன் சீட்டை மீறினவன். ஒரே மணல்ல ரெண்டு கேசு.”

அய்யம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மொக்கம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏண்டி, ஒன் சாமர்த்தியத்துல எங்குடியும் போகணுமா? வாயத் தொறந்து சொல்லுடி!”

மொக்கம்மாள் சொன்னாள். ஊரே கேட்கச் சொன்னாள். “பிள்ளைக ஒங்களுக்குப் படிச்சுக் குடுத்ததெல்லாம் பொய்யி, தாயி. நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன். இது எங்க வீட்டுக்காரரு காலு. தட்டைக்காலுதான் கர்ணன்.”

ஏட்டு சிரித்தார். “புருசனைக் காப்பாத்தப் பொண்டாட்டி எதைத்தான் சொல்ல மாட்டா?”

மொக்கம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. டீச்சரம்மாவைத்தான் பார்த்தாள். கிருபாவதியின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் ஊர் அவளைப் பார்த்த அதே பார்வையை அவள் இப்போது மொக்கம்மாளின் மேல் வைத்தாள். இவள் அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று எடைபோடுகிற பார்வை. அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று மொக்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நம்பலையா? இங்கன பாருங்க.” மொக்கம்மாள் வாசலோரம் கால் படாமல் கிடந்த மணலில் போய் ஊன்றி நின்று, பின்னால் நகர்ந்தாள். “நீங்க படிச்சதை வச்சுச் சொல்லுங்க. இது யாரு காலு?”

கிருபாவதி குனிந்து பார்த்தாள். ஒட்டிய சுண்டுவிரல், வெடித்த குதிகால். மொக்கம்மாளை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “அய்யம்மா கால்.”

“நான்தான தாயி நிக்கேன்!”

ஏட்டு எட்டி நின்று அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தார். மொக்கம்மாள் அதையும் கவனித்தாள். எந்தக் கண்ணுக்குத் தன் கால் தெரியக் கூடாது என்று இவ்வளவும் செய்தாளோ, அந்தக் கண் முன்னாலேயே அச்சுக் குத்திக் காட்டிவிட்டாள். ஒரு கால் போதாது என்றும் அவளுக்குத் தெரிந்தது. அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அய்யம்மாள் ஏட்டைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள், பிறகு மணலில் இறங்கிக் காலை வைத்தாள்.

“இது இருளம்மா கால்னு எனக்குச் சொன்னாங்க,” என்றாள் கிருபாவதி.

இருளம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். அவளுக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவள் புருசன் செத்து வருசமாகிவிட்டது. வந்து நின்றாள். “இதுதான் எங்காலு. நல்லாப் பாத்துக்கோங்க, இன்னொருக்கா வைக்க மாட்டேன்.”

ஏட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார். கிருபாவதி அப்போது ஒரு காரியம் செய்தாள். குறுக்கே வந்து மணலில் மண்டியிட்டு, இருளம்மாளின் தடத்தைக் கையால் வழித்து அழித்தாள். அய்யம்மாளின் தடத்தை அழித்தாள். மொக்கம்மாளின் தடத்தையும் இருந்த இடம் தெரியாமல் நிரவிவிட்டாள்.

“என்னம்மா பண்றீங்க?” என்று ஏட்டு கத்தினார்.

“எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு இது தேவையில்ல.” அவள் எழுந்து கையை உதறினாள். “முதல்ல சொன்னதை நான் திருப்பி வாங்கிக்கிறேன். கர்ணன்னும் சொல்ல மாட்டேன், ஒச்சாண்டின்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒச்சாண்டியை இங்க கூட்டிட்டு வாங்க. இந்த மணல்ல நடக்கட்டும். எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.”

“ஒங்க இஷ்டத்துக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு நான் என்ன ஒங்க வேலைக்காரனா?”

இவ்வளவு நேரமும் தூணோடு தூணாக நின்ற செல்வமணி வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். “நீங்க போகலைன்னா நான் போறேன் ஏட்டையா. இன்ஸ்பெக்டர் அய்யாகிட்ட நேர்ல சொல்றேன். மணல் இருக்கு, தடம் இருக்கு, ஆளைக் கொண்டுவந்து ஒத்துப் பார்க்காம விட்டுட்டாங்கன்னு.”

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவர் போனதும் கோழிக் கூடைகளும் நார்க்கூடைகளும் கொண்டுவந்து ஒச்சாண்டியின் தடங்களின் மேல் கவிழ்த்தார்கள். அன்று பள்ளிக்கூடம் வேப்பமரத்தடியில் நடந்தது. மொக்கம்மாள் வேலியோரம் உட்கார்ந்தவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆடு வந்தால் விரட்டினாள், காற்று வந்தால் அதையும் திட்டினாள்.

பிற்பகலில் இன்ஸ்பெக்டரே வந்தார். விலங்கு மாட்டிய ஒச்சாண்டியைக் கூடை நிறைய மணலோடு முற்றத்தில் நடக்கவிட்டார்கள். கவிழ்த்த கூடைகளை எடுத்து எடுத்துப் பழைய தடத்தையும் புதுத் தடத்தையும் பார்த்தார் இன்ஸ்பெக்டர். பார்க்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செல்வமணி வாத்தியாருக்கே தெரிந்தது. இந்த முற்றத்தை ஒற்றை ஆள் நிரவ வேண்டுமென்றால் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை ஆகும் என்பதும் இன்ஸ்பெக்டருக்கு விளங்கியது. மாட்டைத் தேட வேறு பக்கம் ஆள் அனுப்பச் சொன்னார். சாவடிக்குத் தாமதமாக வந்ததற்கு மட்டும் ஒச்சாண்டியை ஒரு மூச்சுத் திட்டிவிட்டு விலங்கைக் கழற்றினார். ஒச்சாண்டி மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயந்து நேராக வீட்டுக்கு நடந்தான்.

கூட்டம் கலைந்தது. மொக்கம்மாள் மட்டும் போகவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சரம்மாவின் முன்னால் வந்து நின்றாள். காலில் விழலாமா என்றுகூட நினைத்தாள்.

“இம்புட்டும் ஒங்களை நம்பாமச் செஞ்சது, தாயி.”

“தெரியுது,” என்றாள் கிருபாவதி. அவள் குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? “நான் எவ்வளவு சந்தோசமாப் படிச்சேன் தெரியுமா? ராத்திரி வாத்தியார்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எல்லாரும் எனக்குப் பின்னால சிரிச்சிருக்கீங்க.”

மொக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்க முடியுமா? சிரித்தது நிஜம்.

“இனிமே ஒழுங்காச் சொல்லிக் குடுக்கச் சொல்றேன்,” என்றாள். பழகிய சந்தேகம் உடனே போய்விடுமா? “ஆனா ஏட்டு திரும்பவும் வந்து கேட்டா?”

“கேக்க மாட்டார். இந்தம்மாவுக்கு இத்தனை மாசம் படிச்சும் ஒரு கால்கூடத் தெரியலன்னு இன்னிக்கு அவரே பார்த்துட்டாரே.” கிருபாவதிக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. அவள் பூமாரியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கேட்கப் பயந்துகொண்டே கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். “உன் காலுன்னு எனக்கு ஒண்ணு காட்டினியே பூமாரி, அது யாரோடது?”

பூமாரி ஆத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். மொக்கம்மாளுக்கும் அது தெரியாது. வீட்டுக் கால் ஒன்றுவிடாமல் மாற்றச் சொன்னவள், மகள் தன் காலுக்குப் பதிலாக யாருடையதைக் காட்டினாள் என்று கேட்டதே இல்லை.

“அது எங்காலுதான் டீச்சர்,” என்றாள் பூமாரி. “ஆத்தா மாத்தச் சொல்லுச்சு. மத்ததெல்லாம் மாத்திட்டேன். அதை மட்டும் மாத்தல.”

“ஏன்?”

“ஒருநாள் நான் வராட்டி நீங்க தேடுவீகள்ல? வேற பிள்ளை காலைப் பாத்துட்டு, பூமாரி வந்துட்டான்னு நெனச்சு விட்டுட்டீகன்னா?”

கிருபாவதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மொக்கம்மாளின் வாயில் ஒரு வசவும் வரவில்லை. தான் பெற்ற பிள்ளை யாரை நம்பலாம் என்று தன்னிடம் கேட்காமலேயே முடிவு செய்திருக்கிறது. அது சரியாகவும் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. மகள் பார்க்கிறாளே என்று மறைக்காமல் அங்கேயே நின்று அழுதாள்.